உரோம வெள்ளிக் காசில் பெண்ணின் பெயர்

உரோமப் பேரரசின் வெள்ளிக் காசுகளிற் பெண்ணுருவம் பொறிக்கப்பட்டிருப்பதைக் காட்டி, பழைய உலகிற் பெண்ணுக்கு இத்துணை மதிப்பளித்த நாடு வேறொன்றுண்டோ என்று மேடையேறிப் பேசுவாரும் ஏட்டில் எழுதுவாரும் உளர். நம் தமிழன்பர்களிலும் சிலர் அதனை ஆராயாது வழிமொழிகின்றனர். காசின் முன்புறத்தை மட்டும் பார்த்தவர் அவ்வாறுதான் பேசுவர். அதனைத் திருப்பிப் பார்த்து, விளிம்பைச் சுற்றி வெட்டியிருக்கும் எழுத்துகளையும் படித்து, அக்காசு அடிக்கப்பட்ட ஆண்டில் அரண்மனைக்குள் நடந்தது என்ன என்பதையும் உடன்வைத்து நோக்குவார்க்கு வேறொரு செய்தி புலப்படும். அக்காசுகள் பெண்ணின் பெருமையை நாட்ட எழுந்தவை அல்ல. பெண்ணுருவைத் தன் தேவைக்கு எடுத்தாண்ட ஆட்சியின் குரலே அவற்றிற் கேட்கின்றது என்பது என் துணிபு.

முதற்கண் ஒரு காசை எடுத்துக்கொள்வோம். பேரரசனுக்கு வரி செலுத்துவது முறையா என்று வினவியவர்களிடம் இயேசு பெருமான் ஒரு தெனாரியசைக் கொண்டுவரச் செய்து, அதிலுள்ள உருவமும் எழுத்தும் எவருடையவை என்று திருப்பிக் கேட்ட நிகழ்ச்சி கிறித்தவ மறையில் உள்ளது. தெனாரியசு என்பது உரோமரின் வெள்ளிக் காசு. அன்று காட்டப்பட்டது திபேரியசு (கி.பி. 14-37) அடித்த காசாகவே இருக்கவேண்டும் என்பது நெடுநாள் வழங்கிவரும் கருத்து. அதன் முன்புறத்தில் இலைமாலை சூடிய திபேரியசின் தலை. பின்புறத்தில் ஒரு பெண், இருக்கையொன்றில் அமர்ந்திருக்கின்றாள். ஒரு கையிற் கோல், மறு கையில் இலைக்கிளை. முன்புறத்து உருவம் எவருடையது என்ற வினாவிற்கு அன்றே விடை கிடைத்தது. பின்புறத்துப் பெண் யார் என்று அங்கு ஒருவரும் கேட்டாரல்லர்.

நாமும் கேட்டோமல்லேம். இத்தனைக்கும் அக்காசு நமக்கு அயலானதன்று. நம் கொங்குநாட்டு மண்ணிலிருந்து குடங்குடமாக வெளிப்பட்டது. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842 ஆம் ஆண்டில் 522 உரோம வெள்ளிக் காசுகளும், 1891 ஆம் ஆண்டில் அதே ஊரில் 547 காசுகளும் கிடைத்தன. அவற்றுட் பெரும்பாலானவை அகசுத்தசு, திபேரியசு ஆகிய இருவர் பெயரால் அடிக்கப்பட்டவை. யவனர் மரக்கலம் முசிறிக்குப் பொன்னைக் கொணர்ந்து மிளகை ஏற்றிச் சென்றதை அகநானூற்றின் 149 ஆம் பாட்டு கூறும். பாட்டுப் பொன்னைக் கூறிற்று. கொங்கு மண் வெள்ளியையும் காட்டிற்று. ஆக, நம் முன்னோர் கையில் இப்பெண் ஆயிரக்கணக்கான முறை ஏறி இறங்கியிருக்கின்றாள்.

அவள் யார்? அகசுத்தசின் மனைவியும் திபேரியசைப் பெற்றவளுமாகிய இலிவியாவே அமைதித் தெய்வத்தின் கோலத்தில் அமர்ந்திருக்கின்றாள் என்பர் ஆய்வாளர் பலர். ஆனால் அவளைச் சுற்றி எழுதியிருப்பது அவள் பெயரன்று. 'தலைமைப் பூசகன்' என்று எழுதியிருக்கின்றது. அஃது அவள் மகன் திபேரியசு வகித்த பதவி! பெண்ணின் உருவைச் சுற்றி ஆணின் பதவியைப் பொறித்த இக் கூத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். அகசுத்தசு கி.பி. 14-இல் இறந்தபோது, இலிவியாவைத் 'தாயகத்தின் தாய்' என்று போற்றலாம் என்று உரோம மூதவையிற் சிலர் முன்மொழிந்தனர். மகனே அதனை மறுத்தான். பெண்டிர்க்கு அளிக்கும் மதிப்பு அளவோடிருத்தல் வேண்டும் என்றானாம். கி.பி. 29-இல் அவள் இறந்தபோது அவன் இறுதிக் கடனுக்கும் வந்திலன்; அவளைத் தெய்வமாக்கவும் ஒப்பிலன். அவளுக்குத் தெய்வநிலை கிடைத்தது கிளாதியசு காலத்தில், கி.பி. 42-இல். உயிரோடிருந்த நாளில் நாட்டின் வலிமை வாய்ந்த பெண்ணாக விளங்கியவளுக்கு அந்நகர வெள்ளியிற் பெயரில்லை. இருக்கையும் கோலும் கிளையும் உண்டு. அவை தெய்வத்துக்கு உரியவை.

இங்கே உரோமர் தம் மொழியைக் கையாண்ட முறையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கின்றது. கொன்கோர்தியா, பியேத்தாசு, பெக்குந்தித்தாசு, புதிசித்தியா என்றெல்லாம் காசிற் காணும் பெயர்களை ஆங்கில நூல் வழியாகப் படிக்கும் நம்மவர், இவை ஏதோ நாவிற் புரளாத வேற்றுலகத் தெய்வங்கள் என்று மயங்குகின்றனர். இலத்தீன மொழியினனுக்கு இவை அன்றாடச் சொற்கள். கொன்கோர்தியா என்பது மன ஒற்றுமை. பியேத்தாசு என்பது பெற்றோரிடத்தும் தெய்வத்தினிடத்தும் காட்டும் பற்று. பெக்குந்தித்தாசு என்பது மகப்பேற்று வளம். பண்பின் பெயரையே எடுத்து, அதற்குப் பெண்ணுடம்பு கொடுத்து, கையில் ஒரு பொருளையும் கொடுத்தால் தெய்வம் ஆயிற்று. ஒற்றுமைக்குப் படையற்கலமும் வளக்கொம்பும்; மகப்பேற்றுக்குக் கைக்குழந்தை; பற்றுக்குப் பலிமேடை. எழுதப் படிக்கத் தெரிந்த குதிரைக்காரனும் அச்சொல்லைப் படித்த அளவில் பொருளை உணர்வான். தெரியாதவனுக்குக் கையிலுள்ள பொருளே சொல்லிவிடும். தன் மக்கட்குச் சொல்ல வேண்டியதைத் தன் மக்களின் மொழியிலேயே சொன்ன ஆட்சி அது. அந்த அளவில் உரோமனைப் போற்றத்தான் வேண்டும். நம் நாட்டில் அச்சொற்களைத் தமிழாக்காது அப்படியே ஒலிபெயர்த்துக் கடைபரப்புவார்க்கு அவ்வறிவு தோன்றவில்லை.

காசடிக்கும் சாலைக்கே ஒரு பெண்தெய்வத்தின் பெயர்தான் வாய்த்தது. உரோமைநகரின் குன்றொன்றில் யூனோ மொனேத்தா என்னும் இறைவிக்குக் கோயில் இருந்தது. அதன் அருகே காசுச்சாலை அமைந்தமையால் மொனேத்தா என்பதே காசுச்சாலைக்கும் காசுக்கும் பெயராகி, பிற்காலத்து ஐரோப்பிய மொழிகள் பலவற்றிற் பணத்தைக் குறிக்கும் சொல்லாக நிலைத்தது. கி.மு. 46-இல் கரிசியசு என்னும் காசுப் பொறுப்பாளன் அடித்த தெனாரியசில், முன்புறம் அவ்விறைவியின் தலையும் பெயரும், பின்புறம் அச்சும் இடுக்கியும் சம்மட்டியும் காணலாம். கொல்லன் பட்டறையைக் காசிற் காட்டிய அவனை எனக்கு மிகவும் பிடிக்கும். பேரரசர் வருமுன் அவ்வாறெல்லாம் செய்ய இடமிருந்தது.

பெண்ணொருத்தி தன் பெயரோடும் தன் ஆட்சியோடும் உரோம வெள்ளியில் நின்ற காட்சியும் ஒன்று உண்டு. ஆனால் அவள் உரோமப் பெண்ணல்லள். கி.மு. 32-இல் அந்தோணி அடித்த தெனாரியசில் ஒருபுறம் அவன் தலை. மறுபுறம் எகிபது நாட்டுக் கிளியோபாத்திராவின் தலை. சுற்றிலும் 'மன்னர்களின் அரசியும் மன்னராகிய மக்களையுடையவளுமான கிளியோபாத்திராவினது' என்ற பொருளில் எழுத்து. தெய்வத்தின் பெயரும் இல்லை, பண்பின் பெயரும் இல்லை. அவள் ஆள்பவள் என்பதே செய்தி. அதற்கடுத்த ஆண்டே அவ்விருவரும் கடற்போரில் தோற்றனர், கி.மு. 30-இல் இறந்தனர். வென்ற அகசுத்தசின் உரோமை அக்காசிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொண்டதுபோலும்: பெண்ணைக் காட்டலாம், ஆள்பவளாகக் காட்டலாகாது.

அப்பாடத்தை மீறத் துணிந்தவள் இளைய அகிரிப்பினா. கிளாதியசின் மனைவியாகி, கி.பி. 50-இல் 'அகசுத்தா' என்னும் பட்டம் பெற்று, கணவன் காசின் மறுபுறத்தில் கூலக்கதிர் முடி சூடிய தலையோடு தன் பெயரும் பொறிக்கப்பெற்றாள். கூலக்கதிர் என்பது விளைச்சலின் இறைவியாகிய செரேசுக்கு உரியது. இங்கும் தெய்வத்தின் அணிகலன் ஒன்று தேவைப்பட்டது. கி.பி. 54-இல் கிளாதியசு இறந்து, அவள் மகன் நீரோ பதினாறாண்டு நிரம்பிய இளைஞனாகப் பட்டமேற்றான். அவ்வாண்டுக் காசைப் பாருங்கள். தாயும் மகனும் ஒருவரையொருவர் எதிர்நோக்கியிருக்கின்றனர். அவ்விருவரையும் சுற்றி முன்புறத்திலே எழுதியிருப்பது அகிரிப்பினாவின் பெயர்: தெய்வமாகிய கிளாதியசின் மனைவி, நீரோவின் தாய் என்று. பேரரசனாகிய நீரோவின் பெயரோ பின்புறத்துக்குப் போயிற்று. பெண்ணொருத்தியின் பெயர் பேரரசன் பெயரைப் பின்னுக்குத் தள்ளிய காசு உரோம வரலாற்றில் இதற்கு முன் இல்லை.

மறு ஆண்டுக் காசு, கி.பி. 55. இப்பொழுது இரு தலைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே பக்கம் நோக்குகின்றன; முன்னே நிற்பது மகன் தலை; தாயின் முகம் அவன் முகத்துக்குப் பின்னே விளிம்பளவாய்த் தெரிகின்றது. நீரோவின் பெயர் முன்புறத்துக்கு வந்துவிட்டது. அவள் பெயர் பின்புறத்துக்குப் போய்விட்டது. அதன்பின் உரோமைநகர்க் காசில் அவள் இல்லை. கி.பி. 59-இல் மகனே அவளைக் கொல்வித்தான். நான்கைந்து ஆண்டு அரண்மனைப் பூசலை நூலாசிரியர் பலர் எழுதியிருக்கின்றனர். அவர்களைப் படியாதவனும் இவ்விரண்டு காசுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் போதும்.

அகிரிப்பினாவுக்குப் பின் வந்த அரசியர்க்குத் தனிக்காசு உண்டு, தலையும் உண்டு, பெயரும் உண்டு. கொங்குமண்ணில் நாம் கண்ட பெயரற்ற நிலை மாறிற்று என்று ஒருவர் மகிழலாம். ஆனால் பெயரைத் தந்த கை, பின்புறத்தில் ஒரு கட்டளையையும் எழுதிற்று. அரசியின் தலைக்குப் பின்னே ஒற்றுமையோ கற்போ மகப்பேறோ பற்றோ நிற்கும். இவள் இவ்வாறிருக்கின்றாள் என்பது சொல்லப்பட்டது. இவ்வாறிருக்கக் கடவள் என்பது குறிக்கப்பட்டது.

ஒற்றுமையையே எடுத்துக்கொள்வோம். தொமீத்தியன் தன் மனைவி தொமீத்தியாவின் காசில், யூனோவின் மயிலைப் பொறித்து 'பேரரசின் ஒற்றுமை' என்று எழுதுவித்தான். அவளையே விலக்கி, பின்னர்த் திரும்ப அழைத்துக்கொண்டவனும் அவன். அதிரியனுக்கும் அவன் மனைவி சபீனாவுக்கும் மனப்பொருத்தம் இருந்ததில்லை என்று பழைய வரலாற்றாசிரியரே எழுதிவைத்தனர். அவள் காசுகளில் மிகுதியாகக் காண்பது ஒற்றுமைத் தெய்வத்தையே. கொம்மோதசு தன் மனைவி கிரிசுப்பினாவுக்கு அடித்த காசில் கோத்த இரு கைகளும் அதே சொல்லும். அவளை அவன் காப்பிரித் தீவிற்கு நாடு கடத்தினான்; அங்கே அவள் கொல்லப்பட்டாள். எலகபாலசு என்பவன் செய்தது எல்லாவற்றையும் விஞ்சியது. வெசுத்தா கோயிலிற் கன்னிநோன்பு பூண்டிருந்த அக்குவிலியா செவேராவை நாடே அதிர மணந்துகொண்டு, அவள் காசிலும் ஒற்றுமை என்றே பொறித்தான். கணவன் மனைவியர் ஒன்றியிருந்தால், அதனை வெள்ளியில் அடித்து ஊர்தோறும் அனுப்ப வேண்டிய தேவை என்ன?

புதிசித்தியா என்ற சொல்லைத் தமிழில் எவ்வாறு சொல்வது என்பது என்னை நெடுநாள் மயக்கிற்று. கற்பு என்றே எழுதலாம். அதற்கு மேல் நெருங்கிய சொல் நம்மிடம் இல்லை. ஆனால் காசில் அத்தெய்வம் நிற்கும் நிலையைப் பாருங்கள். முக்காட்டின் ஓரத்தை ஒரு கையாற் பற்றி முகத்தின் மேல் இழுக்கின்றாள். அவ்வளவே அவள் செயல். இளங்கோவடிகள் காட்டிய கற்போ ஒற்றைச் சிலம்பைக் கையிலேந்தி அரசவைக்குள் நுழைந்து, ஆண்ட மன்னனைப் பார்த்து முறை கேட்டது. பின்வந்தவர் அதனையும் முக்காட்டுக்குள் இழுத்து மூடியது வேறு வரலாறு. சிலம்பு நடத்திக்கொண்டிருந்த வகுப்பில் இக்காசின் படத்தைக் காட்டியபோது, "இந்த அம்மா ஏன் ஐயா முகத்தை மூடுகிறார்?" என்று மாணவியொருத்தி கேட்டாள். அவ்வினாவைக் கேட்கும் மாணவியர் இன்னும் பலர் வேண்டும்.

மகப்பேற்றுத் தெய்வத்தின் நிலை இதனினும் நெஞ்சை வருத்துவது. மார்க்கசு அவுரேலியசின் மனைவி இளைய பவுசுத்தீனா பன்னிரண்டு மகவுக்குக் குறையாமற் பெற்றாள். முதல் மகவு பிறந்த கி.பி. 147 ஆம் ஆண்டிலேயே அவளுக்கு அகசுத்தா என்னும் பட்டம் கிடைத்தது என்பதிலிருந்தே, பட்டம் எதற்கு விலையாகத் தரப்பட்டது என்பது விளங்கும். அவள் காசிற் கையிலும் காலடியிலுமாக நான்கு குழந்தைகளோடு மகப்பேற்றுத் தெய்வம் நிற்கின்றது. பேறுகாலத்தைக் காக்கும் யூனோவும் உண்டு. கி.பி. 161 ஆகத்து 31-இல் அவளுக்கு இரட்டையாண்மக்கள் பிறந்தபோது, இருக்கையொன்றில் இரண்டு குழந்தைகள் விளையாடும் காசை அடித்து 'இக்காலத்தின் நற்பேறு' என்று எழுதினர். அவ்விரட்டையருள் ஒருவன் நான்காண்டில் இறந்தான். எஞ்சியவனே கொம்மோதசு, அவள் பெற்ற ஆண்மக்களுள் தந்தைக்குப் பின்னும் வாழ்ந்தவன் அவன் ஒருவனே. தாயின் துயரத்துக்குக் காசில் இடமில்லை. பிறப்புக்கு மட்டுமே இடம். இறந்த குழந்தையைக் காட்டிய காசும் ஒன்று உண்டு. தொமீத்தியாவின் மகன் சிறுவனாகவே இறந்தபின், உலக உருண்டையின் மேல் அமர்ந்து, ஏழு விண்மீன்களை எட்டிப் பிடிப்பவன்போல் கைநீட்டியிருக்கின்றான். உரோம வெள்ளியில் இதனை ஒத்த அழகிய வேலைப்பாட்டை நான் படத்திலும் கண்டதில்லை. ஆயினும் எழுத்தைப் படித்தால், 'தெய்வமாகிய இளவரசன், தொமீத்தியனின் மகன்' என்று தந்தையின் பெயரே இருக்கின்றது. பெற்றவள் தலை முன்புறத்தில் உள்ளதே என்று ஆறுதல் கொள்ள வேண்டியதுதான்.

எதிர்ப்பக்கத்துக்கு உரியதையும் மறைக்காமற் சொல்லிவிட வேண்டும். அந்தோனினசின் மனைவி மூத்த பவுசுத்தீனா கி.பி. 140-இல் இறந்தாள். அவன் அதன்பின் இருபதாண்டு ஆண்டான். மறுமணம் செய்யாமல், அவளைத் தெய்வமாக்கி, அவள் தலையையே தொடர்ந்து காசிற் பொறித்தான். ஏழைப் பெண்குழந்தைகளை வளர்ப்பதற்கென்று அவள் பெயரால் அறக்கொடை ஒன்று நிறுவி, 'பவுசுத்தீனாவின் சிறுமியர்' என்று காசிலும் எழுதினான். அஃது உண்மையான அன்பு, உண்மையான அறம். உரோம வெள்ளியில் பெண்ணுக்கென்று ஆட்சி செய்ததைக் கூறும் காசு இது. பெண்ணைத் தனக்கென்று ஆட்சி பயன்படுத்திய காசுகளே மற்றவை. இக்காசு மிக அரிதாகவே கிடைப்பது. கி.பி. 1929-இல் பல்கேரியாவின் ரேக்கா தேவ்னியா என்னுமிடத்திற் கண்ட புதையலில் எண்பத்தோராயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகளைக் கணக்கிட்டனர். அரசியர் காசுகளும் அவற்றில் ஆயிரக்கணக்கில் உண்டு. ஒற்றுமையும் கற்பும் குவியல் குவியலாக அடிக்கப்பட்டன என்பதற்கு அப்புதையல் சான்று.

இனி யூலியா தொம்னா. சிரியாவின் எமேசா நகரத்துப் பெண், செவேரசின் மனைவி, அறிஞரைத் தன்னைச் சூழ வைத்துக்கொண்டவள். இவள் காசுகளில் வராத தெய்வம் இல்லை எனலாம். ஆப்பிளேந்திய வேனசு, மயிலோடு யூனோ, அரிமாக்களுக்கிடையே அமர்ந்த தெய்வங்களின் தாய், குழந்தைக்குப் பாலூட்டும் எகிபதிய ஐசிசு. (வேனசுக்கு உரிய கோளை நாம் வெள்ளி என்போம், வெள்ளியிலே வெள்ளியைப் பொறித்தனர் என்று என் மாணாக்கர்க்கு விளையாட்டாகச் சொல்வதுண்டு.) அலையலையாக வாரி, கழுத்துவரை தொங்கவிட்டுக் கட்டிய அவள் கூந்தலை ஒருமுறை கண்டவர் எழுத்தைப் படியாமலே காசை அறிவர், அரசியர் கொண்டை மாறியதை வைத்தே காசின் காலத்தைக் கணிப்பாரும் உளர்.

செவேரசு கி.பி. 211 பிப்பிரவரியில் இறந்தான். அவன் மக்கள் கரக்கல்லா, கெத்தா ஆகிய இருவரும் ஒருங்கே பேரரசராயினர். அக்காலத்துத் தொம்னாவின் காசில் 'இரு பேரரசரின் தாய், மூதவையின் தாய், தாயகத்தின் தாய்' என்று பொறித்திருக்கின்றது. ஏறத்தாழ இருநூறாண்டுக்கு முன் இலிவியாவுக்கு மகன் மறுத்த அதே பெயர்! அவ்வாண்டு முடிவதற்குள், திசம்பரில், சந்து செய்துகொள்வோம் என்று தாயின் அறைக்குத் தம்பியை வரவழைத்து, அவள் மடியிலேயே அவனைக் கொல்வித்தான் கரக்கல்லா. மகனை அணைத்திருந்த அவள் கையிலும் வெட்டு விழுந்தது. அவனுக்காக அழவும் அவளுக்கு உரிமையில்லை. மகிழ்ந்திருப்பவள்போற் காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது என்று அக்காலத்திலேயே வாழ்ந்த வரலாற்றாசிரியர் தியோ எழுதியிருக்கின்றார். கெத்தாவின் பெயரைக் கல்வெட்டுகளிலிருந்து செதுக்கி எடுத்தனர். தாயின் காசுகளோ தொடர்ந்து வந்துகொண்டேயிருந்தன. கி.பி. 217-இல் கரக்கல்லாவும் கொல்லப்பட்டபின் அவள் உண்ணாதிருந்து உயிர்விட்டாள் என்பர். இலிவியாவுக்குப் பெயர் மறுக்கப்பட்டது. தொம்னாவுக்கு எல்லாப் பெயரும் தரப்பட்டன. இருவருள் எவள் மிகுதியாக மதிக்கப்பட்டவள் என்று மேடைப் பேச்சாளர்தாம் சொல்ல வேண்டும்.

மாழையைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். அகசுத்தசு அடித்த தெனாரியசு ஏறத்தாழத் தூய வெள்ளி. ஒரு பவுண்டு எடையில் 84 காசு, ஒன்று ஏறக்குறைய 3.9 கிராம். கி.பி. 64-இல் நீரோ ஒரு பவுண்டில் 96 காசாக்கி எடையையும் குறைத்தான், தூய்மையையும் குறைத்தான். செவேரசு காலத்தில் வெள்ளி ஏறத்தாழப் பாதியாயிற்று. கி.பி. 215-இல் கரக்கல்லா புதுக்காசொன்று கொணர்ந்தான். இரண்டு தெனாரியசு மதிப்புடையதாக அதனை வழங்கினர் என்பர். அதிலுள்ள வெள்ளியோ ஒன்றரைக்கு மேல் இல்லை. அக்காசிற் பேரரசன் தலையில் கதிரவனின் கதிர்முடி. அரசியின் மார்பளவுருவைத் தாங்குவது பிறைத்திங்கள். கல்லியேனசின் மனைவி சலோனினாவின் காலத்துக்கு வந்தால், கி.பி. 260-க்குப் பின், வெள்ளி மிகச் சிறு பங்காய்க் குறைந்துவிட்டது. செம்பின் மேல் வெள்ளிப் பூச்சு. அதிலும் கற்பு உண்டு, மகப்பேறு உண்டு, யூனோவும் வேனசும் உண்டு. தெய்வத்தின் பெயரில் ஓரெழுத்தும் குறையவில்லை. கலப்பு எங்கு நேர்ந்தாலும் உள்ளீடு முதலிற் போய், பூச்சும் பெயரும் கடைசிவரை நிற்பதை மொழிப்பணியில் உள்ள நாம் அறியாதவரல்லேம்.

கி.பி. 64-க்குப் பிற்பட்ட உரோம வெள்ளிக் காசுகள் தமிழகத்தில் அரிதாகவே கிடைத்துள்ளன. அதற்குக் கரணியம் ஒன்றன்று, பல இருக்கலாம். ஆயினும் நம் வணிகர் வெள்ளியை உரைத்துப் பாராமலா வாங்கியிருப்பர்? அதனால் பவுசுத்தீனாவும் தொம்னாவும் இங்குப் பெருந்தொகையாய் வந்திலர். நமக்கு வந்தவள் அப்பெயரற்ற பெண்ணே.

அவள் திறத்தில் நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. உரோமக் காசைப் பற்றிப் பாடநூலில் எழுதுவோரும், அருங்காட்சியகத்திற் பார்வைக்கு வைப்போரும் 'திபேரியசு காசு' என்று மட்டும் எழுதி அமைந்துவிடுதல் கூடாது. காசின் இருபுறத்தையும் காட்டுக. சுற்றியுள்ள எழுத்தைத் தமிழிற் பெயர்த்து எழுதுக. கொன்கோர்தியா என்று எழுதினால் பக்கத்திலேயே ஒற்றுமை என்றும் எழுதுக. வெள்ளலூர்க் காசின் கீழ், "பின்புறம்: கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்த பெண். திபேரியசின் தாய் இலிவியாவாக இருக்கலாம். சுற்றியுள்ள எழுத்து அவள் பெயரன்று, மகனின் பதவிப்பெயர்" என்று நான்கு வரி எழுத ஒரு விரற்கடை இடம் போதும்.